கை மறப்பதற்குள்

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது மகாராஜபுரம். தென்னந்தோப்பும் வயலுமாகக் கிடக்கிற ஊர். மேற்கே நிமிர்ந்தால் சதுரகிரி. ஆடி அமாவாசைக்கு மலைமேல் இருக்கிற சுந்தரமகாலிங்கத்தைப் பார்க்கப் போகிற கூட்டம் இந்தப் பக்கமாகத்தான் அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். அதில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். விரதமென்று வெறும் வயிற்றோடு ஏறுகிறவர்கள் இருப்பார்கள். ஆண்டு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு அன்றைக்கு மட்டும் மலையேறுகிறவர்களும் இருப்பார்கள். பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி விருதுநகர் மாவட்டத்து நாளிதழ் வாசகர்களுக்குப் புதிதில்லை.

இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல். 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இந்தத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. ஆனால் துடிப்பு நின்றுபோன இதயம் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. மார்பை அழுத்திக் கொடுக்க ஆளில்லாவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து பங்கு கரைகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய எல்லாமே முடிந்துவிடும். ஆகவே இந்த ஊர்க்காரருக்குப் பெரிய மருத்துவமனையைவிட முக்கியம், முதலில் வந்து சேரும் 108 வண்டியில் இருப்பவருடைய இரண்டு கைகள்.

அந்தக் கைகள் என்ன கற்றன, எப்போது கற்றன, கற்றது இன்னும் கையில் இருக்கிறதா? மூன்றாவது கேள்வியை நாம் கேட்பதே இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஐம்பது நாள் பாடம்

ஆந்திரத்தில் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் மாநிலமெங்கும் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு பேர். ஓட்டுநரைத் துறைக்குள் ‘பைலட்’ என்பார்கள். பின்னால் இருப்பவர் மருத்துவ உதவியாளர், பேச்சு வழக்கில் ‘இ.எம்.டி.’. ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம்.

இந்த வேலைக்கு வரும் ஆட்சேர்ப்பு அறிவிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நர்சிங் படித்தவர்களோடு மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானவர்களுக்கு ஐம்பது நாள் பயிற்சி. வகுப்பு, மருத்துவமனை, வண்டி என்று மூன்றும் அதற்குள் அடங்கும். சிக்கலான நேரத்தில் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்கிற ஏற்பாடும் உண்டு.

விலங்கியல் பட்டதாரியை ஐம்பது நாளில் உயிர்காக்கிறவராக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வாயோடு வாய் வைத்து ஊதும் முறையை நிலைநாட்டிய மயக்கவியல் மருத்துவர் பீட்டர் சாஃபர், வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்நாட்டின் முதல் துணை மருத்துவப் பணியாளர்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. முதல் தகுதிச் சான்றிதழ் எதுவாக இருந்தாலும், முறையாகக் கற்றுத் தொடர்ந்து செய்தால் கை தேறும். ‘தொடர்ந்து’ என்ற சொல்லில்தான் நம் சிக்கல் இருக்கிறது.

மாறுகிற பாடம், மறக்கிற கை

மார்பை வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்பது 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதிய கட்டுரையால் உலகுக்குத் தெரிந்தது. அதே காலத்தில் நார்வேயின் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்மண்ட் லேர்டல் பயிற்சிக்கென்று ஒரு பொம்மை செய்தார். இன்று உலகெங்கும் வகுப்புகளில் தரையில் கிடக்கும் பொம்மைகளுக்கு அதுவே மூதாய்.

அன்றிலிருந்து பாடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பதினைந்து அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்றிருந்தது 2005-இல் முப்பதுக்கு இரண்டு ஆனது. மூச்சுப்பாதை, மூச்சு, அழுத்தம் என்றிருந்த வரிசை 2010-இல் புரண்டு அழுத்தம் முதலிடத்துக்கு வந்தது. 2015-இல் வேகத்துக்கும் ஆழத்துக்கும் மேல்வரம்பு வந்தது: நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் வரை. சில மருந்துகள் பட்டியலிலிருந்து போயின. 2008-இல் சேர்ந்த ஒருவர் அன்று படித்ததையே இன்றும் செய்தால், அவர் சொன்னபடி செய்பவர்தான், ஆனால் சொன்னது பழையது.

இந்த முதல் குறையைத் தீர்ப்பது எளிது. ஒரு சுற்றறிக்கை போதும், ஒரு நாள் வகுப்பு போதும். இரண்டாவது குறை சுற்றறிக்கைக்குக் கட்டுப்படாது. பாடம் நினைவிலிருந்தாலும் கை மறந்துவிடுகிறது. உயிர்மீட்பு (சி.பி.ஆர்.) பயிற்சி பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில், பல தரப்பினரிடம் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றைத்தான்: பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்திறன் சரிய ஆரம்பிக்கிறது. கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்கிற அதே ஆள், பொம்மையின் முன் மண்டியிட்டால் ஆழம் போதாமல் அழுத்துகிறார், கையை முழுதாக எடுக்காமல் மார்பின்மேல் சாய்ந்துவிடுகிறார், வேகத்தில் தடுமாறுகிறார். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழோ இரண்டாண்டு செல்லும். தாளில் தகுதி இரண்டாண்டு இருக்கிறது. கையில் ஆறு மாதம்.

தினமும் வேலையில் இருப்பவருக்கு எப்படி மறக்கும்? வேலையில் இது தினமும் வருவதில்லை என்பதே விடை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்த ஆய்வில், ஒரு துணை மருத்துவப் பணியாளர் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு முறைதான் இதயம் நின்றவருக்கு உயிர்மீட்பு செய்கிறார் என்று தெரிந்தது. அண்மையில் அப்படி ஒன்றைக் கையாண்ட அனுபவம் உள்ளவர்களிடம் வந்த நோயாளிகள் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்றும் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். மதுரை நகருக்குள் ஓடும் வண்டிக்கும் வத்திராயிருப்புப் பக்கம் நிற்கும் வண்டிக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். கிராமத்து வண்டிக்கு அழைப்பு குறைவு, ஆகவே பழக்கம் குறைவு. மருத்துவமனை தூரம், ஆகவே பொறுப்பு அதிகம். யாருக்குப் பயிற்சி அடிக்கடி தேவையோ, அவர் பயிற்சி மையத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறார்.

இந்த மண்ணின் ஐந்து பாடங்கள்

உயிர்மீட்பு என்றதும் நடுவயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற காட்சிதான் கண்ணுக்கு வருகிறது. பாடப்புத்தகங்களின் காட்சியும் பெரும்பாலும் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மூச்சும் துடிப்பும் வேறு காரணங்களாலும் நிற்கின்றன. தொடர்கல்வியின் பாடத்திட்டம் இந்த மண்ணைப் பார்த்து எழுதப்பட வேண்டும்.

முதலாவது பாம்புக்கடி. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. இரவில் தரையில் படுத்திருந்தவர் விடிகாலையில் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் செயலிழந்து கிடப்பார். நல்லபாம்பின் நஞ்சும் இதே வழியில் போகும். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில் இருக்கிறது. அதுவரை அவரை உயிரோடு வைத்திருப்பது ‘அம்பு பேக்’ என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பையும் முகமூடியும்தான். முகமூடியைக் காற்று கசியாமல் பிடிப்பது பார்க்க எளிது, செய்யக் கடினம். அளவாக அமுக்குவது அதைவிடக் கடினம். 2004-இல் வெளியான மில்வாக்கி நகரத்து ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறை என்று பயின்றிருந்த பணியாளர்கள், உண்மையான களத்தில் சராசரியாக முப்பத்தேழு முறை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பப் பயிற்சி கொடுத்த பிறகும் அது இருபத்திரண்டுக்குத்தான் இறங்கியது. பதற்றத்தில் கை ஓடும், ஒரு நாள் வகுப்பு அதைப் பிடித்து நிறுத்தாது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கணக்கு வந்துவிடும். கணக்கோடு கையும் தேற வேண்டும்.

இரண்டாவது நீர். பிளவக்கல் அணை, கண்மாய்கள், தோட்டத்துக் கிணறுகள் என்று பிள்ளைகள் குதிக்கிற இடத்துக்கு இங்கே குறைவில்லை. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் முயற்சியில் 2017-இல் வெளிவந்த நம் நாட்டு வழிகாட்டுதல், பொதுமக்களுக்கு ‘அழுத்தம் மட்டும்’ என்ற எளிய முறையைச் சொன்னது. அறிமுகமில்லாதவர் வாயில் ஊதத் தயங்குகிற நாட்டில் அது நல்ல யோசனை. ஆனால் மூழ்கியவரின் இதயம் நிற்பது காற்றில்லாததால். அவருக்கு மூச்சு கொடுத்தாக வேண்டும். பொதுமக்களுக்குச் சொன்ன எளிய விதி தொழில்முறைப் பணியாளரின் கையிலும் பழக்கமாகப் படிந்துவிட்டால் கிணற்றடியில் அது பிழையாகும். எந்த விதி யாருக்கு, எப்போது என்று பிரித்தறிய வைப்பதும் தொடர்கல்வியின் வேலை.

மூன்றாவது பிரசவம். 108-ஐ மக்கள் அதிகம் அழைப்பது விபத்துக்கும் பிரசவத்துக்கும். வழியிலேயே பிறந்துவிடுகிற குழந்தைகளில் பெரும்பாலானவை தானாகவே அழும். பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிட ஏதாவதொரு உதவி வேண்டியிருக்கும். அதற்குக் கிடைக்கிற அவகாசம் ஒரு நிமிடம். துடைத்து, சூடு காத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வராவிட்டால் அந்த நிமிடம் முடிவதற்குள் சின்ன முகமூடியால் காற்று கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். 2009-இல் தொடங்கிய ‘நவஜாத் சிசு சுரக்ஷா’ திட்டம் நாடு முழுவதும் பிரசவ அறைப் பணியாளர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. ஓடுகிற வண்டியும் சில நேரம் பிரசவ அறைதான்.

நான்காவது தீ. சிவகாசி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மாவட்டத்தில் விபத்துகள் நின்றபாடில்லை. வெந்தவரின் தோல் எல்லோர் கண்ணிலும் படும். குரல் கம்முவதும் மூக்கில் கரி படிந்திருப்பதும் பழகிய கண்ணுக்குத்தான் படும். மூச்சுப்பாதை வீங்கி அடைக்கப் போவதற்கான அறிகுறிகள் அவை.

ஐந்தாவது இதயம். அதிலும் இதயம் நிற்பதற்கு முந்திய அரைமணி நேரம். தமிழகத்தில் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகிய இதய மருத்துவர்களின் முயற்சியில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. 2420 நோயாளிகளைப் பற்றியது அது. ஈ.சி.ஜி. சீக்கிரம் எடுத்து, உரிய இடத்துக்கு நேரே கொண்டுபோனதில் ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் நெஞ்சு வலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுக்க வழி செய்தது. இந்தச் சங்கிலியில் வண்டியும் ஒரு கண்ணி. எந்த நெஞ்சு வலியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று தீர்மானிப்பவர் அதில் இருப்பவர்.

பின்னால் ஒரே ஒருவர்

பயிற்சிக் கூடத்தில் நான்கைந்து பேர் பொம்மையைச் சூழ்ந்து நிற்பார்கள். ஒருவர் அழுத்த, ஒருவர் காற்று கொடுக்க, ஒருவர் மின்அதிர்ச்சிக் கருவியைப் பார்க்க, இன்னொருவர் தலைமை தாங்குவார். அழுத்துபவர் சோர்ந்துவிடாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவார்கள். இடைவெளி பத்து வினாடியைத் தாண்டக் கூடாது.

வண்டி கிளம்பிவிட்டால் பின்னால் இருப்பது ஒருவர். வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வளைவிலும் வேகத்தடையிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாக அழுத்தியும் ஊதியும் போக வேண்டும். ஓடுகிற வண்டியில் அழுத்தத்தின் தரம் குறையும், செய்பவருக்கும் ஆபத்து. அதனால் இதயம் நின்றவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட, விழுந்த இடத்திலேயே நல்ல உயிர்மீட்பைச் சில நிமிடங்கள் செய்துவிட்டுக் கிளம்புவது மேல் என்பதே இன்று உலகம் ஏற்றுக்கொண்ட வழி. நம் ஊரில் அதற்குத் துணிச்சல் வேண்டும். “ஏன்யா நிக்கிற, வண்டிய எடு” என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அந்தக் குரல்களுக்கு நடுவே, “ரெண்டு நிமிஷம் பொறுங்கண்ணே, இப்ப இவருக்கு இங்க செய்யுறதுதான் வைத்தியம்” என்று சொல்லத் தெரிவதும் பயிற்சியால் வருவதே. எந்தப் பொம்மையும் அதைக் கற்றுக்கொடுப்பதில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. பைலட்டும் முழு உயிர்மீட்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், அவருடைய கையும் அதே இடைவெளியில் புதுப்பிக்கப்பட வேண்டும். அடுத்தது, ஊர்க்காரர். மகாராஜபுரத்துத் தேநீர்க்கடைக்காரர், தாணிப்பாறையில் டோலி தூக்குகிறவர், வனத்துறைக் காவலர், கோயில் பணியாளர் ஆகியோர்தான் வண்டிக்கு முந்திய பத்து நிமிடத்தின் சொந்தக்காரர்கள். உதவப் போய்க் காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. சாலை விபத்தில் உதவுவோரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் வழிகாட்டுதல்களை உறுதிசெய்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அது பிரிவாகவே சேர்ந்தது. சட்டத்தின் பயம் தணிந்துவிட்டது. கையின் தயக்கத்தைத் தணிக்க வேண்டியது வண்டிக்காரர்களின் வேலை. கற்றுக்கொடுக்கிறவர் தானே மறக்க மாட்டார் என்பதும் ஒரு லாபம்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

அமெரிக்காவில் தேசியப் பதிவு பெற்ற துணை மருத்துவப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒரு முறை அறுபது மணி நேரத் தொடர்கல்வியைக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். அடிப்படை நிலையில் இருப்பவருக்கு நாற்பது மணி நேரம். பிரிட்டனிலும் இரண்டாண்டுக்கு ஒரு புதுப்பித்தல். இலங்கையின் ‘1990 சுவசெரிய’ இந்திய நிதியுதவியோடு 2016-இல் தொடங்கியபோது முதல் பணியாளர்கள் ஐதராபாத்துக்கு வந்து படித்துப் போனார்கள். 2018-இல் அந்தச் சேவை யாழ்ப்பாணம் வரை விரிந்தது. கடல் கடந்து வந்தவர்களுக்கும் பயிற்சி கொடுத்த நாம் இதைச் சிறிய விஷயமென்று சொல்ல முடியாது.

நம்மிடம் ஒரு முரண் இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவர் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டில் முப்பது மணி நேரத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். மருத்துவருக்கு முன்னால் நோயாளியைத் தொடுகிறவருக்கு நீண்ட காலம் பதிவே இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் இந்தத் தொழிலைப் பட்டியலில் ஏற்றியது. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடக்கிறது. வாசல் திறந்தாயிற்று. உள்ளே வந்தவர் ஓய்வுபெறும் வரை கற்கிற ஏற்பாட்டை அந்தச் சட்டப்படி அமையும் மாநில மன்றங்கள் எப்படி அமைக்கப் போகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மணி நேரத்தை எண்ணுவது மட்டும் போதாது என்பதற்கும் உலகில் பாடம் உண்டு. அறுபது மணி நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே கழிந்துவிடலாம். அதனால்தான் அண்மைக் காலத்தில் பல மருத்துவமனைகள் இரண்டாண்டுக்கு ஒரு நாள் வகுப்பைக் கைவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலையிடத்திலேயே சில நிமிடம் பொம்மையில் அழுத்திப் பார்க்கிற முறைக்கு மாறின. கை மறக்கும் வேகத்துக்கு ஏற்ப இடைவெளியை வைத்தார்கள்.

வத்திராயிருப்பில் ஒரு பொம்மை

இதை இங்கே செய்வதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. 108 வண்டிகள் பெரும்பாலும் ஓர் அரசு மருத்துவமனை வாசலிலோ சுகாதார நிலையத்திலோ காவல் நிலையத்துக்கு அருகிலோ நிற்கின்றன. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இரண்டு குழுவும் பத்து நிமிடம் ஒன்றாக இருக்கும். அந்த நேரத்தில் அங்கேயே ஒரு பொம்மை இருந்தால் போதும். ஒரு நாள் அழுத்தம், ஒரு நாள் முகமூடி, ஒரு நாள் பச்சைக் குழந்தை. வந்தவரும் போகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பாடம் தமிழில் இருக்க வேண்டும் என்பதற்கு உணர்ச்சியைத் தாண்டிய காரணமும் உண்டு. முப்பது அழுத்தத்தைத் தமிழில் எண்ணிப் பாருங்கள். பத்து வரை எண் சட்டென்று வாயில் வரும். ‘இருபத்தேழு, இருபத்தெட்டு’ என்று போகும்போது சொல் நீள்கிறது, சொல்லோடு கையும் மெதுவாகிறது. பத்துப் பத்தாக மூன்று முறை எண்ணினால் தாளம் தப்பாது. ஆங்கிலப் பாடத்தை வரிக்கு வரி மாற்றி எழுதுகிறவருக்கு இது தோன்றாது, தமிழில் எண்ணிக்கொண்டே அழுத்திய பயிற்றுநருக்குத் தோன்றும்.

அடுத்தது, ஒவ்வொரு கடினமான அழைப்புக்குப் பிறகும் உட்கார்ந்து பேசுவது. எது சரியாக வந்தது, எங்கே தாமதமானது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று கேட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதில் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் போனில் சேர்ந்துகொள்ளலாம். மருத்துவமனையும் தன் பங்குக்கு, கொண்டுவந்து சேர்த்தவர் பிழைத்தாரா என்ற செய்தியை வண்டிக்குச் சொல்லி அனுப்பலாம். இன்றைக்கு ஸ்ட்ரெச்சர் கைமாறியதோடு கதை முடிந்துவிடுகிறது. தான் செய்ததன் முடிவு தெரியாதவருக்கு அனுபவம் கூடும், பாடம் கூடாது.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓடிக் களைத்தவரிடம் இன்னும் பத்து நிமிடம் கேட்பது நியாயமா? அந்தப் பத்து நிமிடம் வேலை நேரத்துக்குள் வந்தால், ஊதியக் கணக்கில் சேர்ந்தால் நியாயம். சொந்தப் பொழுதிலிருந்து பிடுங்கினால் அநியாயம். திறன் சோதனை என்ற பேரில் வேலையைப் பறிப்பார்களோ என்ற பயமும் வரும். ஆகவே பொம்மையில் வரும் மதிப்பெண் தண்டனைக்குப் போகக் கூடாது, அடுத்த பயிற்சிக்கு மட்டுமே போக வேண்டும். செலவைப் பொறுத்தவரை, ஒரு வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் பொம்மையின் விலை கணக்கில் வராது. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குள்ளானவரின் முதல் 48 மணி நேரச் செலவை 2021 டிசம்பரிலிருந்து ஏற்றுக்கொண்டிருக்கிற அரசுக்கு, அந்த 48 மணி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தில் போடுகிற முதலீடு இது.

அடுத்த ஆடி அமாவாசைக்கு வழக்கம்போல மருத்துவ முகாம் போடுவார்கள், வண்டிகள் நிற்கும், அதிகாரிகள் பார்வையிடுவார்கள். வண்டிகள் எத்தனை என்று எண்ணுவார்கள். அன்றைக்கு அங்கே நிற்கிற மருத்துவ உதவியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “தம்பி, கடைசியா எப்பப்பா பொம்மையில அழுத்திப் பார்த்த?” பதில் ‘போன மாசம்’ என்று வந்தால், மலையேறுகிறவர்கள் கொஞ்சம் தைரியமாக ஏறலாம்.